தாங்கும் அளவு

புது போனில் அண்ணன் பெயர் இருக்கக் கூடாது. தில்லைநகர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது கலைவாணி உறுதியாக முடிவு செய்திருந்தது இந்த ஒன்றைத்தான். எந்த கம்பெனி, கறுப்பா வெள்ளையா என்பதிலெல்லாம் அவளுக்கு அபிப்பிராயம் இல்லை. இரண்டு மாதமாக அவளுக்கு எதிலுமே அபிப்பிராயம் இல்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால்கூட இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

அண்ணன் விஷயம் மட்டும் வேறு. கணவன் பிரபாகர் இறந்த அன்று அண்ணன் மதியழகன் வரவில்லை. கோபக்காரன், எடுக்கிற அன்று வராவிட்டாலும் காரியத்துக்கு வந்துவிடுவான் என்று இருந்தாள். காரியத்தன்றும் வரவில்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் புதுப் புடவை கொண்டுவந்து அவள் மேல் போட வேண்டும். கூடத்தில் உட்கார வைக்கப்பட்ட அவள் வாசலையே பார்த்தாள், வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், அவசரத்துக்குக் கடைவீதியில் வாங்கிய ஒரு புடவையை விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் அவள் தோளில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். அவள் அழவில்லை. அந்தச் சீட்டின் முனை வெகுநேரம் கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்பேர்ப்பட்ட பகையும் பாடை கட்டுகிற வரைக்கும்தான். கூப்பிடாமலே வர வேண்டியவனுக்கு இவள் சொல்லியும் அனுப்பினாள். 'சேர்ந்தது' என்று போனில் பச்சை எழுத்து வந்ததைக் கண்ணால் பார்த்தாள். சேதி சேர்ந்தும் வராதவன் என்ன அண்ணன்?

"வாங்க மேடம், உட்காருங்க. யாருக்கு போன்?" கடைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சட்டைப் பையில் ரெஜினா என்று பெயர் இருந்தது. முப்பது வயது இருக்கும்.

"எனக்குத்தான். இப்ப இருக்கறது அவர் பேர்ல இருக்கு. மெயில், நம்பர், எல்லாம் அவர்தான் பாத்துக்குவார். அதுல ஒரு கிளை மாதிரி என்னோடது." கலைவாணி கைப்பையிலிருந்து அதை எடுத்தாள். "அவர் இப்ப இல்ல. மாசக் கடைசியோட கணக்கை மூடிருவோம்னு வந்துச்சு."

ரெஜினாவின் பார்வை கழுத்துக்குப் போய்த் திரும்பியது. "சாரிக்கா," என்றாள். மேடம் அத்தோடு போய்விட்டது. "அளவு எத்தனை வச்சிருந்தீங்க?"

"மூணு."

அந்தக் காலத்தில் இதுதான் பேச்சு. என்ன ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிற மாதிரி, உனக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்குச் சில வருஷங்கள் முன்னால் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், பெற்ற தாய் எழுதியது எது, தாயைப் போலவே இயந்திரம் எழுதியது எது என்று தெரியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். தம்பி குரலில் திருடன் பேசினான். அதைத் தடுக்கத்தான் போன்களில் 'வாசல்' என்ற ஏற்பாடு வந்தது. உங்கள் பெயர்ப் பட்டியலைப் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொண்டு, உண்மையான ஆளை மட்டும் அது உள்ளே விடும். நல்ல ஏற்பாடுதான். திருடனுக்காக வளர்த்த நாய் நாளடைவில் தபால்காரனையும் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது என்பதுதான் சங்கடம். உண்மையான ஆளாகவே இருந்தாலும் அவர் கொண்டுவருகிற சேதியை நீங்கள் தாங்குவீர்களா என்று அது பார்க்கத் தொடங்கியது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு அளவு. பத்து வைத்தால் எல்லாம் அப்படியே வரும். குறைக்கக் குறைக்க, கனமான சேதிகளை மழுக்கித் தரும், அல்லது தராமல் நிறுத்திவைக்கும்.

வரன் பார்க்கிற இடத்தில் ஜாதகத்துக்கு அடுத்தபடி அளவைக் கேட்டார்கள். பையனுக்கு ஆறு என்றால் திடமான பையன் என்று பெயர். ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போதே, இவருக்கு இத்தனை, பழைய துக்கங்களைப் பேச வேண்டாம் என்று வந்தவருடைய போன் அவர் காதில் ஓதிவிடும். அதை மீறிப் பேசுவது செருப்புக்காலோடு பூஜையறைக்குள் போகிற மாதிரி அநாகரிகமாகக் கருதப்பட்டது. ஒருத்தருக்கும் தூக்கம் கெடவில்லை. டாக்டர்களும் நல்லது என்றுதான் சொன்னார்கள்.

பிரபாகர் இறந்தபோது அவளுக்கு வந்த அனுதாபக் கடிதங்களையெல்லாம் போன் ஒரே வரியில் சொல்லி முடித்தது. 'பலர் வருத்தம் தெரிவித்துள்ளனர். அனைவருக்கும் பதில் அனுப்பப்பட்டது.' அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

ரெஜினா மூன்று போன்களை எடுத்து வைத்தாள். முதலாவது பழையதைப் போலவே அளவு வைத்துக்கொள்ளக்கூடியது. இரண்டாவது புதுசு. "இதுல நீங்க அளவே வைக்க வேணாம்க்கா. உங்க நாடியப் பாத்து அதுவே கூட்டிக் குறைச்சுக்கும். நீங்க அழுதா அதுக்குத் தெரியும்."

"நான் அழலையே."

"அதுவும் தெரியும்," என்றாள் ரெஜினா. சொன்ன பிறகு சங்கடப்பட்டு மூன்றாவதைத் தள்ளி வைத்தாள். "இது மொட்டை போன். வாசல் கிடையாது. வர்றது அத்தனையும் வரும். கம்பெனிக்காரன், கள்ளன், ஜோசியக்காரன், எல்லாம். வக்கீலுங்க சில பேர் வாங்குவாங்க. சும்மா காட்டுறேன்."

"ஏதோ ஒண்ணு குடும்மா. முதல்ல பேருங்களை மாத்து. ஒரு பேரை எடுக்கணும்."

பழைய போனைப் பக்கத்தில் வைத்ததும் கடைத் திரையில் பட்டியல் ஓடியது. எல்லாம் பிரபாகர் பதிந்து வைத்தவை. 'கேஸ் புது நம்பர்', 'பிளம்பர் நல்லவர்', 'பிளம்பர் கூப்பிடாதே', 'டாக்டர் ஹார்ட்', 'மாவு அரைக்கிற அம்மா'. அவன் அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியும் 'அம்மா' அப்படியே இருந்தது. கூப்பிடக் கூடாத பிளம்பரைக்கூட அழிக்க மனசு வராத மனிதன். அவளுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை.

'அண்ணன் (கலை)' என்ற பெயரில் பட்டியல் நின்றது. கீழே சின்ன எழுத்தில் 'பேச்சுவார்த்தை இல்லை' என்று இருந்தது.

அந்தச் சண்டைக்குக் காரணமும் இந்த போன்தான். மகள் தக்ஷிதாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வந்ததும், பிரபாகர் நல்ல பிள்ளையாக, சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிடு என்று போனிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். போன் ஒருத்தரையும் விடாமல் அனுப்பியது. தாய்மாமனுக்கு முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு, புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? மறுநாள் போவதாகத்தான் இருந்தார்கள். அதற்குள் மதியழகன் போன் பண்ணிவிட்டான். "தாய்மாமனுக்கும் மாவு அரைக்கிறவங்களுக்கும் ஒரே நேரத்துல, ஒரே பத்திரிகையா? ரொம்ப சந்தோஷம். இனிமே உங்க வாசப்படி மிதிக்கல." நேரில் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அவன் மனசு இறங்கவில்லை. சீர் வைக்கத் தாய்மாமன் இல்லாமலே கல்யாணம் நடந்தது. பிரபாகர் வருத்தத்தோடு அந்த இரண்டு வார்த்தையைப் போனில் பதிந்தான்.

"இதத்தான் எடுக்கணும்," என்றாள் கலைவாணி.

ரெஜினா விரலை வைத்தாள், எடுத்தாள். "இவர் பேர்ல நிறுத்தி வச்ச சேதி இருக்குக்கா. அழிக்கிறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்னு ரூல்."

"எப்ப வந்தது?"

"மூணு வருஷம் ஆச்சு. ஒரே வாரத்துல மூணு வந்திருக்கு. ரெண்டு குரல், ஒரு மெயில்."

"வந்தது ஏன் எனக்கு வரல?"

"பேச்சுவார்த்தை இல்லாதவங்கன்னு போட்டிருக்கீங்கள்ல. அப்படிப்பட்டவங்க கிட்டேருந்து அளவுக்கு மேல கனமா ஏதாவது வந்தா, வாசல் உள்ள விடாது. நீங்க தாங்குற அளவுக்கு வந்தப்புறம் குடுக்கலாம்னு வச்சுக்கும்."

"அளவு ஏறவே இல்லைன்னா?"

"வச்சுக்கிட்டே இருக்கும்க்கா."

"பேச்சு இல்லைன்னா நல்லது பொல்லதுக்குமா இல்ல?" கலைவாணி யாரையோ கேட்பது போலக் கேட்டாள்.

"செஞ்சவங்களுக்கு அது தெரியாதுல்ல. பேசுறாங்க, பேசல. ரெண்டு கட்டம்தான் வச்சிருக்காங்க." ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா மழுக்கிச் சுருக்கமா சொல்லச் சொல்றேன். இல்லைன்னா பாக்காமலே அழிச்சிரலாம். நிறைய பேர் அதத்தான் செய்யறாங்க."

மூன்று வருஷம் முன்னால் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பிரபாகருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்த சமயம் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அதிர்ச்சி தரும் விஷயம் எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஏழில் இருந்த அளவை மூன்றுக்கு இழுத்துவிட்டவள் இவள்தான். தன் கையால் இழுத்தாள். ஒரே கணக்கு என்பதால் அவளுக்கும் அது மூன்றாகிவிட்டது. அன்றைக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! புருஷனைச் சுற்றி ஒரு கொசுவலை கட்டிவிட்ட நிம்மதி. அவன் மேலும் மூன்று வருஷம் உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

"மழுக்க வேண்டாம். அப்படியே குடு," என்றாள்.

ரெஜினா காதில் மாட்டும் கருவியைக் கொடுத்துவிட்டு நாகரிகமாகத் தள்ளிப் போய் நின்றாள்.

முதல் குரல் அண்ணனுடையது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. "கலை, நான்தான். தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. பெருசா ஒண்ணும் இல்லங்கறாங்க. பத்திரிகைய நேர்ல கொண்டாந்து வைக்கலையேன்னுதான் எனக்குக் கோவம். வேற ஒண்ணும் இல்ல. பிரபாவையும் கூட்டிக்கிட்டு ஒரு நடை வந்துட்டுப் போ."

இரண்டாவது அடுத்த நாள் வந்தது. "கலை, நேத்து அனுப்புனது கேட்டியா? சேர்ந்ததுன்னு இதுல காட்டுது. சரி, உனக்கும் கோவம் இருக்கும்ல. நான் பண்ணுனதும் தப்புதான். கோவத்தோடயே வா."

மூன்றாவது மெயில். அண்ணன் மகன் கவின் எழுதியிருந்தான். அத்தை, அப்பா இன்று காலை தவறிவிட்டார்கள். நீங்கள் வருகிறவரை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறார்கள். சீக்கிரம் வாருங்கள்.

கலைவாணி கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் கேட்டது. எதிரே ஒருவர் போன் உறை எந்த நிறத்தில் வேண்டும் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லாதது போல இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்ப்பதுபோல, அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மரத்துத்தான் கிடந்தது.

காரியத்தன்று பெரியம்மா மகள் ஜெயந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க அண்ணன் மட்டும்..." என்று ஆரம்பித்ததும், அவள் போன் என்னவோ முணுமுணுத்ததும், சட்டென்று வாயை மூடிக்கொண்டு இவள் முதுகைத் தடவிக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது. அண்ணன் வராததற்காகத் தன்மேல் பரிதாபப்படுகிறாள் என்றல்லவா நினைத்தாள்! உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூன்று வருஷமாக ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாம் அவள்மேல் வைத்த அக்கறையில்.

"தண்ணி குடுக்கவாக்கா?"

"வேணாம். அந்தக் கடைசி போனைக் குடு."

"மொட்டை போனா? உங்களால முடியாதுக்கா. இந்த நிலைமைல..."

"பரவால்ல, குடும்மா."

ரெஜினா அதை எடுத்துப் பழைய போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாவற்றையும் மாற்றி முடித்து, "உங்க புது நம்பர் எல்லாருக்கும் தானா போயிரும், நீங்க சொல்ல வேணாம்," என்றாள். பிறகு திரையைக் காட்டினாள். "அந்தப் பேரை எடுத்துறவா?"

"இருக்கட்டும்."

பஸ்ஸ்டாண்டு வாசலில் ஒரு ரோஜா மாலை வாங்கினாள். கேதம் விசாரிக்கப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போவதில்லை. வருவதாகச் சொல்லிவிட்டும் போவதில்லை. ஆகவே அண்ணிக்கு போன் பண்ணவில்லை. மகளுக்குப் பண்ணிப் பார்த்தாள். தக்ஷிதா மெல்போர்னில் இருக்கிறாள், ஆறு மாதம் முழுகாமல். அவளுடைய வாசல்தான் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு இனிமையான குரலில் பேசியது. "இந்தச் சேதி இப்போது அவர் தாங்கக்கூடியதாக இல்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்." வயிற்றுப்பிள்ளைக்காரி, வேண்டாம்தான் என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே பயமாக இருந்தது.

கீரனூர் தாண்டும்வரை புது போன் ஓயவில்லை. அன்புள்ள கலைவாணி, நலமா? அன்புள்ள கலைவாணி, உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம், எங்கள் மெத்தையில் உறங்கிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அவள் சௌக்கியத்தை விசாரித்தார்கள். அவற்றுக்கு நடுவே புது நம்பர் போய்ச் சேர்ந்த விவரங்களும் வந்தன. கேஸ், சேர்ந்தது. மாவு அரைக்கிற அம்மா, சேர்ந்தது. அண்ணன், சேர்ந்தது. அந்த ஒரு வரியைப் புதுக்கோட்டை வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள்.

தெருவும் வீடும் மாறவில்லை. கதவைத் திறந்தவள் அண்ணி விஜயராணி. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கலைவாணியின் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கழுத்தைப் பார்த்தாள். பார்த்த கண் அங்கேயே நின்றுவிட்டது. கலைவாணியும் அண்ணியின் வெறும் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி 'வா' என்று சொல்லவில்லை. கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டாள். கோபத்தில் சொல்லவில்லையா, துக்கம் கேட்க வந்தவளை வா என்று அழைக்கக் கூடாது என்பதால் சொல்லவில்லையா என்று கேட்டால் அண்ணிக்கே தெரிந்திருக்காது. கலைவாணி உள்ளே போனாள்.

கூடத்தில் அண்ணன் படம். அதன் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், அவனுடைய பழைய போன் சார்ஜில் கிடந்தது.

"எப்ப?" என்றாள் அண்ணி.

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. ஊர்லயும் யாரும் வாயத் தொறக்கல."

"சொன்னேன் அண்ணி. அண்ணன் நம்பருக்குத்தான் சொன்னேன்."

அண்ணி திரும்பி அந்த போனைப் பார்த்தாள். "அத யாரும் தொறக்கறதில்ல. அணைச்சுப் போட மனசு வரல. கவின்தான் சார்ஜ் போட்டு வைப்பான்." பிறகு எதையோ படித்துச் சொல்வதைப் போலச் சொன்னாள். "அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் வச்சிருந்தோம். வந்துருவா, வந்துருவான்னு நான்தான் எடுக்க விடல."

"எனக்குத் தெரியாது அண்ணி. போன் நிறுத்தி வச்சிருந்திருக்கு. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்."

அண்ணி நம்பினாளா என்று தெரியவில்லை. திரும்பி உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கலைவாணி மாலையைப் படத்துக்குப் போட்டாள். மூன்று வருஷம் பிந்திய மாலை. சட்டத்தைவிட நீளமாக இருந்ததால் போன்மேல் விழுந்து புரண்டது, அதை ஒதுக்கிவிட்டாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். கைப்பைக்குள் யாரோ அவள் நலத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி ஒரு புடவையோடு வந்தாள். எந்த விசேஷத்திலோ யாரோ வைத்துக் கொடுத்தது, உறைகூடப் பிரிக்காதது. பிரித்து உதறினாள். ஓரத்தில் தொங்கிய விலைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்துத் தூரப் போட்டாள். பிறகு புடவையைக் கலைவாணியின் இரண்டு தோளையும் மூடிப் போட்டாள்.

"அவர் கையால போட வேண்டியது," என்றாள். கலைவாணியைக் கட்டிக்கொண்டு, மூன்று வருஷமாக வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். கலைவாணி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். புதுத் துணியின் கஞ்சி வாசனை அடித்தது. கழுத்தில் எதுவும் குத்தவில்லை.

"அழு கலை."

"வரமாட்டேங்குது அண்ணி."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்துக்கு எதிரே பாயை விரித்தாள்.

"வரும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.